கரைக்கும் தலைமடை கடைமடை உண்டு

கடலோர மாவட்டம் எதிலும் மீனவர் குறைதீர் கூட்டம் நடந்தால் ஒரு கோரிக்கை தவறாமல் எழும்: எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கருங்கல் சுவருக்கு நம் கடலோரத்தில் நிலைத்துவிட்ட பெயர் இது. நுனி வளைந்திருப்பதால் தூண்டில் முள் போலத் தெரியும். கோரிக்கை வைக்கும் ஊரில் நான்கு வீடு ஏற்கெனவே கடலுக்குள் போயிருக்கும், அடுத்த வரிசை வீடுகளில் விரிசல் விட்டிருக்கும், ஃபைபர் படகை இழுத்து வைக்க மணல் இருக்காது. அந்த ஊரைப் பார்த்து 'கேட்காதே' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்தச் சுவர் எழுந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வடக்கே இருக்கும் ஊர் அதே கோரிக்கையோடு அதே கூட்டத்துக்கு வந்து நிற்கிறது. இது பல கரைகளில் திரும்பத் திரும்ப நடந்துவிட்டது. கேட்டவர்கள் தவறு செய்யவில்லை, கட்டிய பொறியாளரும் தன் வரைபடப்படிதான் கட்டினார். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஆற்றுப் பாசனத்தில் இதற்கு நேரான ஒரு விஷயம் நமக்கு நன்றாகத் தெரியும். தலைமடைக்காரர் மடையை அடைத்தால் கடைமடை காயும். அதனால்தான் முறைப்பாசனம் வந்தது, நீர்க்கட்டி என்று ஒருவரை ஊர் நியமித்தது, எந்த மடை எத்தனை நாழிகை திறந்திருக்க வேண்டும் என்று வழக்கு வகுத்தது. கரையிலும் மணல் அப்படித்தான் ஓடுகிறது. அதற்கும் தலைமடை இருக்கிறது, கடைமடை இருக்கிறது. ஆனால் மணலுக்கு நாம் இன்னும் முறை வைக்கவில்லை.

சோழமண்டலக் கரையில் ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுகிறது. ஒவ்வொரு அலையும் மணலைச் சற்றே வடக்கே தள்ளிப் போடுகிறது. வாடைக் காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓட்டம் திரும்பி, மணல் தெற்கே வருகிறது. வடக்கே போன மாதங்கள் அதிகம், தெற்கே வந்த மாதங்கள் குறைவு. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். ஆய்வுக்கு ஆய்வு, ஆண்டுக்கு ஆண்டு எண் மாறும். திசை மாறாது. கரை நிலையாக இருப்பதுபோல நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம், போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து மணல் வந்துகொண்டே இருந்தது என்பதுதான். குறுக்கே ஒரு சுவர் வைத்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கத்தில் அலை நிற்காது, இருக்கிற மணலை அது எடுத்துக்கொண்டு போகும், வரவு மட்டும் நின்றுபோகும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வேலை 1876இல் தொடங்கியது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை கரையத் தொடங்கியது. இன்று மெரினாவில் அலையைத் தொட வெகுதூரம் மணலில் நடக்க வேண்டியிருப்பதும், வடசென்னையில் சாலையோரமே கல் கொட்டியிருப்பதும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

புதுச்சேரிக்கு வடக்கே

இந்தக் கணக்கை மிகத் தெளிவாகப் படிக்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், இரண்டு அலைதடுப்புச் சுவர்களோடு துறைமுகம் கட்டப்பட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் ஏறியது. வடக்கே, காந்தி சிலைக்கு எதிரே இருந்த கடற்கரை சில ஆண்டுகளில் காணாமல் போனது. நகரைக் காப்பாற்றக் கரை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். கல் நகரைக் காத்தது, உண்மை. ஆனால் கல்லுக்கு அடியில் இருந்த மணல், அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல், அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறியது. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்துக்கு வந்தது. அங்கிருந்து தந்திராயன்குப்பம். அங்கே தூண்டில் வளைவு கட்டியதும் அந்த இடத்தில் மணல் நின்றது. சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் கரை கரைந்தது. வரைபடத்தில் விரலை வைத்துத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தினால் ஆண்டுகள் வரிசையாக வரும்.

இதில் கடைமடைக்குக் கூடுதலாக ஓர் இழப்பு இருக்கிறது. தென்பெண்ணையில் சாத்தனூர், சங்கராபரணியில் வீடூர் என்று ஆறுகளில் அணைகள் நிற்கின்றன. அணைக்குக் கீழே ஆற்று மணலை அள்ளியது போக மிஞ்சியது எவ்வளவு என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. வெள்ளத்தில் கடலுக்கு வந்து சேரும் மணல் குறைந்தது. சுருங்கிய வரவிலும் துறைமுகச் சுவர் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது.

தூண்டில் எதைப் பிடிக்கிறது

தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. போகிற மணலைப் பிடித்து வைக்கிறது. முறையாகக் கட்டினாலும் இதுதான் அதன் வேலை. ஆகவே முறையாகக் கட்டுவது என்பதன் முதல் விதி, கட்டி முடித்த உடனே, வரிசையாக நிற்கும் சுவர்களுக்கு நடுவே வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து நிரப்பிவிடுவது. நிரம்பிய பிறகு வரும் மணல் நுனியைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகும், அடுத்த ஊரின் பங்கு பெரிதாகக் குறையாது. நிரப்பாமல் விட்டால் அந்தக் குழி நிறையும் வரை அடுத்த ஊரின் மணல்தான் அதற்குள் விழும். நம் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கல்லுக்கு விலைப்புள்ளி இருக்கும், மணலுக்கு இருக்காது. இந்த ஒரு விடுபடல் செய்யும் சேதம், வடிவமைப்பில் நேரும் மற்ற எல்லாப் பிழைகளும் சேர்ந்து செய்வதைவிடப் பெரிது என்பது என் உறுதியான கருத்து.

மற்ற பிழைகளும் உண்டு. சுவருக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, நீளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். நெருக்கினால் மணல் உள்ளே நுழையாமல் நுனிகளைத் தாண்டிப் போகும், அகற்றினால் நடுவில் கரை குழிந்து உள்வாங்கும். வரிசையின் வடகோடிக்கு வரவர நீளத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் கட்டிக் கடைசிச் சுவரில் சட்டென்று நிறுத்தினால் அதற்கு அடுத்த சில நூறு மீட்டரில்தான் அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். கரைப்பக்கத்து வேரை மணல்மேட்டுக்குள் ஆழமாகச் செருகாவிட்டால் புயல் நாளில் அலை பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு சுவரைத் தீவாக்கிவிடும். அடியில் வடிதுணி விரித்து, அதன்மேல் சிறு கல், அதற்கும் மேல் பெருங்கல் என்று அடுக்கு மாறாமல் போட வேண்டும். துணியைத் தவிர்த்து நேராகப் பெருங்கல்லைக் கொட்டினால் இடுக்கு வழியாக மணல் உறிஞ்சப்பட்டு, கல் ஒவ்வொரு வாடைக்கும் சற்று இறங்கும். இரண்டு ஆண்டு கழித்து 'கல் போதவில்லை' என்று மறுபடி கொட்டுவார்கள். போதாமல் போனது கல் அல்ல.

கரைக்கு இணையாகக் கட்டும் தடுப்புச் சுவரின் கதை வேறு. அலை அதில் மோதித் திரும்பும்போது அடிவாரத்து மணலைக் கிளறிக்கொண்டு போகிறது. கொஞ்ச காலத்தில் சுவருக்கு முன்னால் கடற்கரையே இருக்காது. கரைவலை இழுக்க இடமில்லை, படகு ஏற்ற இடமில்லை, கருவாடு உலர்த்த இடமில்லை, முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் இடமில்லை. சாலையும் வீடும் தப்பும், கடற்கரை போகும். இந்தப் பேரத்தை ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கட்டுவதுதான் நியாயம்.

திட்டத்திலேயே இருந்த குழாய்

புதுச்சேரிக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அரிப்பு அல்ல. துறைமுகத்தை வடிவமைத்தவர்களுக்கு இது நடக்கும் என்று தெரிந்திருந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியாக வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சுவர் கட்டி முடிந்தது. மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் வேலை தொடர்ந்து நடக்கவில்லை. சுவர் ஒருமுறைச் செலவு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணலைக் கொண்டுசேர்ப்பது ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு. டீசல், குழாய், ஆள், பழுது. இந்த ஆண்டு நிதி இல்லை என்று ஒத்திப்போட்டால் அன்றைக்கு எதுவும் இடிந்து விழாது. பத்து ஆண்டு கழித்து வேறொரு ஊரில், வேறொரு மாவட்டத்தில், வேறோர் அரசின் எல்லைக்குள் வீடு இடிந்து விழும். கடைமடைக்கு நீர் வராததைப் பற்றித் தலைமடையின் பதிவேட்டில் எதுவும் எழுதியிருக்காது, அதுபோல.

ஆஸ்திரேலியாவில் இதே நாடகம் நடந்து, வேறு விதமாக முடிந்திருக்கிறது. ட்வீட் ஆறு நியூ சௌத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் கடலில் கலக்கிறது. 1960களின் முதல் பாதியில் படகுப் போக்குவரத்துக்காக முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். அங்கேயும் மணல் ஓட்டம் வடக்கு நோக்கியதுதான். 1967 புயல்களில் எல்லைக்கு வடக்கே இருந்த கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் பெயர்ந்துபோயின. 1972இல் கிர்ரா முனையில் ஒரு தூண்டில் வளைவைக் கட்டினார்கள், அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. நமக்கு மிகவும் பழகிய கதை. வித்தியாசம் பிறகு வருகிறது. இரண்டு மாநிலங்களும் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஆற்றுக்குத் தெற்கே 450 மீட்டர் நீளமுள்ள ஒரு மேடைப் பாலத்தைக் கடலுக்குள் அமைத்தன. அதன் அடியில் வரிசையாக இறைப்பான்கள் மணலை உறிஞ்சுகின்றன. குழாய் ஆற்றுப் படுகைக்கு அடியில் புகுந்து வடக்கே போய்க் கொட்டுகிறது. 2001இலிருந்து ஓடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 5 லட்சம் கன மீட்டர் அளவில். தொடக்க ஆண்டுகளில் சேர்ந்துபோன பற்றாக்குறையை ஈடுசெய்ய அதிகமாகக் கொட்டி, கிர்ராவில் கரை மிதமிஞ்சி அகன்று, கடலடிப் பாறைகள் புதைந்து, மக்கள் எதிர்த்தார்கள். அளவைக் குறைத்தார்கள். குறைக்கவும் கூட்டவும் முடிகிறது என்பதே அந்த முறையின் பலம். கல்லில் அது முடியாது.

புதுச்சேரியிலும் பிற்காலத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், நகரக் கரையின் வடபகுதியில் எஃகால் ஆன முக்கோணத் திட்டு ஒன்றைக் கடலுக்கடியில் இறக்கி, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். காந்தி சிலைக்கு எதிரே மறுபடி மணல் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்து ஊரே மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். ஆனால் திட்டு அலையைத் தணித்து மணலை நிறுத்துகிறது, மணலைக் கொடுப்பது அந்தக் குழாய்தான். கோட்டக்குப்பத்துக்கு வடக்கே இருப்பவர்களின் கேள்வி இன்னும் குழாயைப் பற்றியது.

மணலை வடக்கே கொண்டுசேர்ப்பது எப்படி

ஆண்டுக்கு 4 லட்சம் கன மீட்டர் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 4 லட்சம் கன மீட்டர் ஏறத்தாழ 1,41,000 யூனிட். நான்கு யூனிட் டிப்பரில் 35,000 நடைக்கு மேல், நாள் தவறாமல் ஓட்டினால் தினமும் 97 நடை. ஊர்த் தெருக்கள் தாங்காது, செலவும் தாங்காது. அதனால்தான் குழாய்.

வெட்டி உறிஞ்சும் மிதவை இயந்திரம் மணலையும் நீரையும் குழம்பாக்கித் தள்ளுகிறது. அந்தக் குழம்பில் மணல் ஐந்தில் ஒரு பங்கை எட்டினாலே நல்ல ஓட்டம். வேகம் குறைந்தால் மணல் குழாயின் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே நிறுத்தும் முன்பு சிறிது நேரம் வெறும் நீரை ஓட்டிக் கழுவ வேண்டும். மின்சாரம் திடீரென்று போனால் இதைச் செய்ய முடியாது, பிறகு குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். குழாயின் அடிப்பகுதிதான் முதலில் தேயும் என்பதால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைச் சற்றுத் திருப்பி வைப்பார்கள். உறிஞ்சும் வாயில் கிழிந்த வலையும் நெகிழியும் சிக்கும், தினமும் எடுக்க ஆள் வேண்டும். இவை எதுவும் பெரிய தொழில்நுட்பம் அல்ல. நெல் ஆலை ஓட்டுவது போல, விடாமல் கவனிக்க வேண்டிய வேலை.

எங்கே எடுப்பது என்பது முக்கியம். தெற்குச் சுவரை ஒட்டிச் சேர்ந்த கடற்கரை மணல்தான் சரியானது. துறைமுகத்துக்குள் படிந்த சேற்றைத் தூர்வாரி 'கரையில் கொட்டினோம்' என்று கணக்குக் காட்டினால் அது ஒரு மாதத்தில் கலங்கிக் கரைந்துவிடும், மீன் வரத்தையும் கெடுக்கும். கொட்டும் மணலின் பருமன் அந்தக் கரையின் மணலுக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ இருக்க வேண்டும். ஊர்க்காரர்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு: கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மணலும் நல்ல தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடும். அதற்குப் பிறகும் நீர் கலங்கியே இருந்தால் அதில் வண்டல் அதிகம். கடல்நீரில் இதைச் செய்யக் கூடாது, உப்பு வண்டலைத் திரட்டிச் சீக்கிரம் படியவைத்து ஏமாற்றும்.

எங்கே கொட்டுவது? வடக்குச் சுவரின் நிழலில் கொட்டினால் அலை படாது, மணல் அங்கேயே கிடக்கும். வாடையில் ஓட்டம் திரும்பும்போது துறைமுக வாய்க்கே திரும்பி வந்துவிடும். நிழலைத் தாண்டிக் கொட்ட வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு கொட்டினால் மீதி வேலையை அலையே செய்யும், ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போகும்.

அளவுக் கணக்கில் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. கடற்கரை என்று நாம் காண்பது மொத்த மணல் உடலின் மேல்பகுதி மட்டும். நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர், கீழே அலை மணலைப் புரட்டும் ஆழம் 6 மீட்டர் என்று வைத்தால், கரையை ஒரு மீட்டர் அகலப்படுத்த, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 8 கன மீட்டர் மணல் வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 20 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் 1,60,000 கன மீட்டர். கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும் கணக்குப் போட்டால் 40,000 என்று வரும். அதைக் கொட்டிவிட்டு, மணல் சரிந்து கீழே பரவியதும், 'கொட்டிய மணலைக் கடல் தின்றுவிட்டது, இது வீண் வேலை' என்ற பேச்சு கிளம்பும். கடல் எதையும் தின்னவில்லை. முக்கால் பங்கை நாம் கொடுக்கவேயில்லை.

அளக்கும் ஊர்

முறைப்பாசனத்தில் அளவுகல் இருந்தது. கரையில் எந்த ஊரிடமும் அளவு இல்லை, 'முன்பு கோயிலுக்கு முன்னால் அவ்வளவு மணல் இருந்தது' என்ற நினைவு மட்டும் இருக்கிறது. நினைவைக் கொண்டு துறைமுக அதிகாரியிடம் பேச முடியாது. இரண்டு கழி, ஒரு கயிறு, ஒரு நோட்டு இருந்தால் அளக்கலாம். 1.5 மீட்டர் நீளமுள்ள இரண்டு கழிகளில் சென்டிமீட்டர் கோடு போட்டு, நடுவே 2 மீட்டர் கயிறு கட்ட வேண்டும். அசையாத ஓரிடத்திலிருந்து, கோயில் படியோ மின்கம்ப அடியோ, கடலை நோக்கித் தொடங்க வேண்டும். கரைப்பக்கம் நிற்பவர், கடல்பக்கக் கழியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை வைத்து, அந்தப் பார்வை தன் கழியில் உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறது என்று படித்தால் அந்த 2 மீட்டரில் கரை எவ்வளவு இறங்குகிறது என்பது வந்துவிடும். கடல்பக்கம் மேடாக இருந்தால் தன் கழி உச்சி வழியாகப் பார்த்து எதிர்க்கழியில் படிக்க வேண்டும். கடல்நீர் இறங்கியிருக்கும் வற்றம் நேரத்தில் முழங்கால் நீர் வரை போகலாம். மாதம் ஒருமுறை, அதே இடம், அதே திசை. ஜனவரி அளவை ஜூலையோடு ஒப்பிடக் கூடாது. வாடையில் கரை குறைவதும் பிறகு வளர்வதும் இயல்பு. ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்று ஆண்டு நோட்டு கையில் இருக்கும் ஊரின் மனுவை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

அடம்பும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டைக் காப்பதும் இதே வேலையின் பகுதி. புயல் நாளில் கரைக்குக் கடன் கொடுக்கும் சேமிப்பு அந்த மேடு. மழை தொடங்கும் நேரத்தில் மூன்று நான்கு கணுவுள்ள அடம்பங்கொடித் துண்டுகளை இரண்டு கணு புதையும்படி நட்டால் பிடித்துக்கொள்ளும். சவுக்கை மேட்டின் முன்வரிசை வரை நடுவது தவறு, அதன் சருகுக்கடியில் இந்தக் கொடிகள் வளராது. ஆனால் வரவே நின்றுபோன கரையில் செடி மட்டும் நட்டு எதையும் தடுக்க முடியாது. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல்மேட்டை உயர் பாதுகாப்புப் பகுதியாகத்தான் வகைப்படுத்துகிறது. கடல்நீர் ஏறும் எல்லையான ஓதக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்டலாம் என்பதைப் பற்றி நாம் சண்டை போடும் அளவுக்கு, அந்தக் கோடே ஆண்டுதோறும் ஊருக்குள் நகர்வதைப் பற்றிப் பேசுவதில்லை.

மனுவின் வாசகத்தை மாற்றலாம் என்பது என் யோசனை. 'எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு அமைத்துத் தர வேண்டும்' என்ற இடத்தில், 'தெற்கே உள்ள துறைமுகச் சுவரில் இந்த ஆண்டு எத்தனை கன மீட்டர் மணல் சேர்ந்தது, அதில் எத்தனை கன மீட்டர் வடக்கே கொட்டப்பட்டது, மீதி எப்போது வரும்' என்று கேட்கலாம். தூண்டில் வளைவு தவிர்க்க முடியாத இடமும் உண்டு. ஆற்று வாய், படகுத் துறை. அங்கே கேட்கும்போது கல்லுக்கும் நிரப்பு மணலுக்கும் ஒரே ஒப்பந்தம், மணல் நிரம்பாமல் கடைசித் தவணை இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேட்கலாம். அந்த மனுவில் வடக்கே இருக்கும் ஊரின் பஞ்சாயத்தாரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கோட்டக்குப்பத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், ஒரு மாலைக்குள் போய் வாங்கி வரலாம்.